கை படாத தட்டு

உளநலக் கிளினிக்கில் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் பைகளில் இரண்டு பக்கத் தாள் ஒன்று இருக்கும். காலை என்ன சாப்பாடு, மத்தியானம் என்ன, இரவு என்ன, பால் விடாத பிளேன்ரீ எத்தனை, கீரை உண்டா, பழம் உண்டா என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் தாள். அதைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே அதைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது. அதன் அடியில் அச்சில் இல்லாத கேள்வி ஒன்று பேனையால் எழுதப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். “யாரோடு சாப்பிட்டீர்கள்?” கையெழுத்துக் கோணலாக இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். என்னுடையதுதான். அது ஏன் கோணிப்போனது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு வீடுகளைக் காட்டித் தந்தவர் ஒரு மூத்த தாதி. எல்லோருக்கும் அவர் ‘பெரிய மிஸ்’. ஆளும் பெரிது, குரலும் பெரிது. முதல் நாள் நான் ஒரு வீட்டில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, “சாப்பிட்டீங்களே அம்மா?” என்று கேட்டேன். அந்த அம்மா “ஓம்” என்றார். நானும் ‘ஆம்’ என்று எழுதினேன். பெரிய மிஸ், “குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும். இருங்கோ, நானே எடுக்கிறன்” என்று எழுந்து நேரே குசினிக்குள் போய்விட்டார். திரும்பி வந்து என் காதில், “அடுப்புச் சாம்பல் ரெண்டு நாளாச் சூடு காணேல்லை” என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு நல்ல ஏச்சு. “எங்கட சனத்தைச் சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லும். பட்டினி கிடந்தாலும் ஓம். வந்த ஆளைச் சங்கடப்படுத்தக் கூடாதெண்டு ஓம். நீ கேக்காதை. போய்ப் பார்.”

இருபது வருடங்களுக்கு மேல் நான் அப்படித்தான் செய்தேன். வன்னியில் என்னைப்போல் தண்ணீர் குடித்த அரசாங்க உத்தியோகத்தர் வேறு ஒருவரும் இருக்க மாட்டார். பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. எனக்கும் புத்தி கொஞ்சம் கூடிப்போனது.

கனகராயன்குளத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் சந்தனம் இருந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களாக மலையில் இருந்த அவருடைய பெற்றோர், அங்கே இருக்க முடியாமல் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். சந்தனம் பிறந்தது வன்னியில்தான் என்றாலும் பேச்சில் பாதி மலை, பாதி வன்னி. கொஞ்சம் நெல், கொஞ்சம் நிலக்கடலை. ஒரே மகளை வட்டக்கச்சியில் கட்டிக் கொடுத்தாயிற்று. பாதியில் நின்ற வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்று மனைவி புஸ்பம் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தாள்.

அவள் போய் ஏழெட்டு மாதத்தில் சந்தனம் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். வந்தார் என்பது தவறு. பக்கத்து வீட்டுத் தவமணி இழுத்துக்கொண்டு வந்தாள். “அண்ணை தோட்டத்துக்குப் போறதில்லை, ஆக்களோட கதைக்கிறதில்லை, விடிய விடிய முழிச்சிருக்கிறார்” என்று அவள்தான் எல்லாம் சொன்னாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் டொக்டர் இளம் பிள்ளை. மனச்சோர்வு என்று பார்த்து மாத்திரை எழுதினார். எழுதிவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்து, “ஐயா, என்ன சாப்பிடுறனீங்கள்?” என்று கேட்டார். பிளேன்ரீயும் பிஸ்கட்டும் என்று தவமணி பதில் சொன்னாள். “மூளையும் உடம்பில ஒரு உறுப்புத்தான் ஐயா. அதுக்கும் சோறு வேணும். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. கீரை, பருப்பு, மீன், ஒரு துண்டுப் பழம். மாத்திரை ஒரு பக்கத்தால தூக்கும், சாப்பாடு மற்றப் பக்கத்தால தூக்கும்” என்றார். சந்தனம் அறையை விட்டுப் போனதும் டொக்டர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. “மனம் விழுந்தால் பசி போகுது. பசி போனால் மனம் இன்னும் விழுகுது. எது முந்தி எண்டு தேடிக்கொண்டு நிக்காமல் ரெண்டையும் பிடிச்சு இழுப்பம் மிஸ்.” சரியான கதை. அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

பிழை என்னுடையது. சந்தனத்துக்கு எழுதுவது கஷ்டம். நான், “அப்ப ஒண்டு செய்யுங்கோ, ஒவ்வொரு நேரமும் தட்டைப் படமெடுத்து எனக்குப் போனில அனுப்புங்கோ” என்றேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமை. அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. “அது நான் தெனமும் எடுக்கிறதுதானே மிஸ்” என்றார். ஏன் தினமும் எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

படங்கள் வரத் தொடங்கின. நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு. சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை வறை, பருப்பு, குளத்து மீன் குழம்பு, ஓரத்தில் பப்பாப்பழம். சில நாட்களில் வல்லாரைச் சம்பல். என் வீட்டில்கூட அப்படி ஒரு தட்டு வாரத்துக்கு ஒருமுறை விழாது. நான் ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரல் அடையாளம் ஒன்றைத் தட்டி அனுப்பினேன். கிளினிக்கில் எல்லோருக்கும் காட்டினேன். மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைப்பற்றிப் பேசி, கைதட்டலும் வாங்கினேன்.

ஆனால் சந்தனம் மெலிந்துகொண்டே போனார். ஒவ்வொரு கிளினிக்குக்கும் சட்டையின் கழுத்து இன்னும் பெரிதாகத் தெரிந்தது. நான் தராசில் பிழை என்றேன். நானே ஏறி நின்று பார்த்தேன். தராசு என்னைப்பற்றி முழு உண்மையைச் சொன்னது. அதில் ஒரு பிழையும் இல்லை. டொக்டர் பயந்துபோனார். நன்றாகச் சாப்பிடுகிற மனிதன் இப்படி மெலிந்தால் உள்ளே வேறு என்னவோ இருக்கிறது என்று இரத்தம், எக்ஸ்ரே என்று அலைய விட்டார். மாத்திரையையும் கூட்டினார். எல்லாம் என் படங்களை நம்பித்தான்.

படங்கள் வந்த அந்த மூன்று மாதத்தில் நான் அந்த வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முற்றத்தில் நின்று கதைத்துவிட்டு வந்தேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்த நாயைத் தடவி, “நல்லாத்தான் கொழுத்திருக்கிறாய்” என்று செல்லமும் கொஞ்சினேன். தண்ணீர் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? அவருடைய குசினிதான் என் போனுக்குள் இருந்ததே.

ஒரு முற்பகல், மாங்குளத்தில் வேறொரு வீட்டில் நின்றபோது தவமணியின் அழைப்பு வந்தது. “மிஸ், கெதியா வாங்கோ. அண்ணை கிணத்தடியில விழுந்து கிடக்கிறார். மருந்து குடிச்சிட்டார் போல.”

எங்கள் பக்கத்தில் மருந்து குடித்தார் என்றால் பயிருக்கு அடிக்கும் நஞ்சைக் குடித்தார் என்றுதான் அர்த்தம். அம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அந்தப் பன்னிரண்டு கிலோமீற்றரும் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. நேர்மையாகச் சொல்கிறேன், பாதி அவருக்காக, பாதி எனக்காக. அவர் போய்விட்டால் என் கட்டைவிரல்களை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

நான் போனபோது பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். வேலியோரம் ஒரு நஞ்சுப் போத்தல் கிடந்தது. ஒருவர் வாளியில் சவர்க்காரம் கரைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சந்தனத்தின் தாடையைப் பிடித்திருந்தார்கள். வாந்தி எடுக்கப் பண்ணினால் பிழைத்துவிடுவார் என்பது சனத்தின் நம்பிக்கை. அரை நினைவில் கிடப்பவர் வாயில் எதையாவது ஊற்றினால் அது நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும் என்பது நீங்களும் நானும் படித்தது. ஆனால் பதினைந்து பேர் கத்தும்போது படித்தது ஒன்றும் வாயில் வராது. “பாத்துக்கொண்டு நிக்கிறியள், ஊத்தடா!” என்று ஒருவர் என் காதுக்குள்ளேயே கத்தினார்.

நான் அந்த வாளியைக் காலால் தட்டி ஊற்றிவிட்டேன். மரியாதையான செயல் இல்லை. வேறு வழி தெரியவில்லை. குனிந்து அவர் வாயை மணந்து பார்த்தேன். நஞ்சு வாடை இல்லை. சட்டையிலும் இல்லை. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். மூச்சு இருந்தது, உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. “தவமணி, இவரை இப்பிடியே பிடிச்சுக்கொண்டிரு, ஆரையும் ஒண்டும் ஊத்த விடாதை” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடினேன். பெரிய மிஸ் என்னைப் பிடரியில் பிடித்துத் தள்ளியது மாதிரி இருந்தது.

அங்கே அந்த நீல விளிம்புத் தட்டு இருந்தது. இன்னொரு தட்டால் மூடியிருந்தது. திறந்தேன். சோறு, வறை, பருப்பு, மீன், எல்லாம் படத்தில் இருந்த அதே ஒழுங்கில். முதல் நாள் இரவு சமைத்தது. புளித்த மணம் அடித்தது. ஒரு பருக்கைகூடக் கலையவில்லை. எத்தனை படம் பார்த்தேன், அந்தச் சோற்றில் விரல் பட்ட அடையாளம் ஒன்றாவது உண்டா என்று ஒருநாளும் பார்க்கவில்லையே. பின்கதவடியில் நாயின் சட்டி காய்ந்த சோற்றோடு கிடந்தது. அந்த வீட்டில் கொழுத்தது நாய் ஒன்றுதான்.

அம்புலன்ஸ்காரரிடம் இரண்டையும் சொன்னேன். நஞ்சுப் போத்தல் இருந்தது, வாடை இல்லை. பல நாளாகச் சாப்பிடவில்லை, மாத்திரை மட்டும் வெறும் வயிற்றில் போயிருக்கிறது. எது என்று முடிவெடுப்பது ஆஸ்பத்திரியின் வேலை. கண்டதை மறைக்காமல் சொல்வது என் வேலை. அது பட்டினிதான் என்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. போத்தல் போன போகத்தில் பயிருக்கு அடித்துவிட்டு எறிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தபோது அவரிடம் போனேன். எனக்குக் கோபம். அழுகை வந்தால் நான் கோபப்படுகிற ஆள். “ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். “பொய் இல்ல மிஸ். சமைச்சேன். போட்டேன். படம் எடுத்தேன். தட்டைத்தானே அனுப்பச் சொன்னீங்க. சாப்புட்டதை நீங்க கேக்கலயே.”

பிறகு அவர் சொன்னது இது. புஸ்பம் போன முதல் மாதத்தில் இருவருக்கும் ஓர் ஏற்பாடு. அவர் தன் தட்டைப் படம் எடுத்து அனுப்புவார். அவள் தன் தட்டைப் படம் எடுத்து அனுப்புவாள். இரண்டு பேரும் பார்த்ததும் ஒன்றாகச் சாப்பிடத் தொடங்குவார்கள், அவள் அங்கே, இவர் இங்கே. பிறகு புஸ்பம் வேலை செய்த வீட்டுக்கார அம்மா அவளுடைய போனை வாங்கி அலுமாரியில் பூட்டி வைக்கத் தொடங்கினாள். சில வாரங்களில் இரண்டு தரம் கிடைக்கும், சில வாரங்களில் ஒரு தரம். சந்தனம் மட்டும் ஏற்பாட்டை மாற்றவில்லை. சமைத்தார், போட்டார், அனுப்பினார், காத்திருந்தார். அவள் பார்க்கும்வரை கை வைக்க மனம் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் நாய்க்குப் போட்டுவிட்டு ஒரு பிளேன்ரீ, இரண்டு பிஸ்கட்.

“பசிக்கேல்லயா?”

“முதல்ல பசிச்சிச்சு மிஸ். பொறகு அதுவும் தெரியல.” மறு கையால் தலையணையருகே இருந்த போனைத் தொட்டார். “போன் டிங் எண்டு சத்தம் போடும். அவ பாத்துட்டாள்னு ஓடிப் போய் எடுப்பேன். பாத்தா நீங்க. கட்டைவிரல்.”

பிள்ளைகளே, என் பணிக்காலத்தில் மேலதிகாரிகளிடம் எவ்வளவோ ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஒன்றும் இப்படிக் குத்தவில்லை. மூன்று மாதம், ஒரு நாளைக்கு மூன்று தரம், அந்த மனிதனை நான் அடுப்படியிலிருந்து ஓட வைத்து ஏமாற்றியிருக்கிறேன்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நீங்களும் கேட்கப் பயப்படக் கூடாது. “செத்துப்போகலாமெண்டு நினைச்சனீங்களா?” அவர் ஒளிக்கவில்லை. “நெனைச்சேன் மிஸ். அவ வந்து பூட்டின வீட்டைப் பாத்தா என்ன செய்வாள்னு விட்டுட்டேன்.”

அன்று டொக்டருக்கும் எனக்கும் வாக்குவாதம். அவர், “இந்தக் காத்திருப்பை முதல்ல நிப்பாட்ட வேணும், படமெடுக்கிறதே வேண்டாம், மகள் கூட்டிக்கொண்டு போகட்டும்” என்றார். நியாயம்தான். ஆனால் அந்தக் காத்திருப்புத்தான் அவரைப் பட்டினி போட்டது. அதே காத்திருப்புத்தான் அவரை உயிரோடும் வைத்திருந்தது. ஒன்றைப் பிடுங்கப்போய் மற்றதும் கையோடு வந்துவிட்டால்? “எனக்கு ரெண்டு நாள் தாங்கோ டொக்டர்” என்றேன். கையில் ஒரு யோசனையும் இல்லாமல்தான் கேட்டேன்.

யோசனையைச் சந்தனமே தந்தார். மறுநாள் மத்தியானம் என் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோய் அவரோடு இருந்து நானும் சாப்பிட்டேன். சேர்ந்திருந்ததாலோ என்னவோ கை வைத்தார். ஆனால் பாதியில் நிறுத்தினார். மீனின் நடுத்துண்டையும் ஒரு பிடி சோற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தட்டைத் தள்ளினார். “ஏன், பிடிக்கேல்லயா?” என்றேன். “இல்ல மிஸ், பழக்கம். கட்டின நாள்லேருந்து அவ என் தட்டிலதான் சாப்புடுவா. நல்ல துண்டை அவளுக்கு வச்சிடுவேன்” என்றார்.

புருசன் சாப்பிட்ட தட்டில் பெண்சாதி சாப்பிடும் வழக்கம் எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. வேறு நாளாக இருந்தால் ஊர்ப் பெண்களை எல்லாம் கூட்டி வைத்து ஒரு பிரசங்கம் செய்திருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டேன். “இதைப் படமெடுத்து அவவுக்கு அனுப்புங்கோ” என்றேன். “இனி முழுத்தட்டு அனுப்ப வேண்டாம். உங்கட பங்கைச் சாப்பிட்டிட்டு, அவவின்ர பங்கை அனுப்புங்கோ. எப்ப போன் கிடைக்குதோ அப்ப பாக்கட்டும். பாத்தவுடன தெரியும், நீங்கள் சாப்பிட்டிட்டீங்கள், தனக்கும் வச்சிருக்கிறீங்கள் எண்டு.”

தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தார். பிறகு போனை எடுத்துப் படமும் பிடித்து, நடந்ததையும் குரலில் சொல்லி அனுப்பினார்.

நாலு நாள் கழித்துப் புஸ்பத்தின் குரல்பதிவு வந்தது. எனக்கும் போட்டுக் காட்டினார். பாதி அழுகை, பாதி ஏச்சு. “அறிவு இருக்கா உனக்கு? நான் இங்க மூணு வேளையும் நல்லாத் திங்கிறேன், நீ அங்க பட்டினி கெடந்து யாருக்கு வீடு கட்டுற?” அவள் நன்றாகச் சாப்பிட்டது உண்மையா, இவரைச் சாப்பிட வைக்கச் சொன்ன பொய்யா, எனக்கு இன்றுவரை தெரியாது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரை தொடர்ந்தது. சில வாரம் முன்னுக்குப் போனார், சில வாரம் பின்னுக்கு வந்தார். மத்தியானத்தில் தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு தவமணி வீட்டு முற்றத்துக்குப் போய் அவர்களோடு இருந்து சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் பண்ணினோம். மழைக்கு நிலக்கடலை போட்டார். நித்திரை வந்தது. நாய் மெலிந்தது. கிளினிக்கில் அவர் தராசில் ஏறும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கிலோவாக எண்ணிப் பார்ப்பேன், கோயில் உண்டியல் எண்ணுகிறவர் மாதிரி. எனக்கும் தினமும் ஒரு படம் வந்தது. பாதித் தட்டு, ஓரத்தில் நடுத்துண்டு. நான் கட்டைவிரல் போடுவதை விட்டுவிட்டேன். வாரத்தில் ஒருநாள் நேரே போய்த் தண்ணீர் கேட்டேன்.

அந்தத் தாளின் மூலப்பிரதியில் பேனையால் அந்தக் கேள்வியை எழுதியது அவர் வாட்டில் இருந்த நாளில், கட்டைவிரல் கதையைக் கேட்டுவிட்டு வந்த கையோடுதான். இப்போது புரியும், ஏன் கோணல் என்று.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், சுவர்மணிக்கூடு தந்தார்கள். வவுனியாவில் என் வீட்டில் இப்போது நான் மட்டும்தான். என் கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம், மகன் கனடாவில். ஊருக்கெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னவள், குசினியில் நின்றபடி பாண் துண்டையும் சம்பலையும் கடித்துக்கொண்டு மத்தியானத்தைக் கடத்துகிறேன். மகன் போனில் “சாப்பிட்டீங்களா அம்மா?” என்பான். “ஓம்” என்பேன்.

போன வருடம் ஒரு ஞாயிறு, அப்படி நின்றுகொண்டிருந்தபோது சந்தனத்திடமிருந்து படம் வந்தது. நீல விளிம்புத் தட்டு. ஒன்றுமே இல்லை. ஒரு பருக்கை இல்லை, ஒரு முள் இல்லை, துடைத்தெடுத்த வெறும் தட்டு. ஒரு சொல்லும் எழுதவில்லை.

இரண்டரை வருடத்தில் ஒருநாளும் அவர் அவளுடைய பங்கை வைக்காமல் விட்டதில்லை. அவளுக்கு அங்கே ஏதும் நடந்துவிட்டதா? இனி அவள் வரமாட்டாள் என்று முடிவெடுத்துவிட்டாரா? போன் அடித்தேன்; எடுக்கவில்லை. படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் புத்தியை நான் அந்தக் கிணற்றடியில் விட்டுவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குப் புதுக் கூரை. முற்றத்தில் ஆள் இல்லை. நாய் மட்டும் குரைத்தது. “சந்தனம்!” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. “தண்ணி எடுக்கிறன்” என்று யாருமில்லாத முற்றத்துக்குச் சொல்லிவிட்டு, நேரே குசினிக்குள் போனேன்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு பெண் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த அந்தத் தட்டு. நான் அவளை நேரில் கண்டதே இல்லை. குரல் மட்டும்தான் தெரியும்.

திரும்பிப் பார்த்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்தாள். “மிஸ்ஸா? முந்தா நாள்தான் வந்தேன். அவரு குளத்தடிக்குப் போயிருக்காரு, மீன் வாங்க. இங்க உக்காருங்க.” பலகையை இழுத்துப் போட்டாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், “சாப்புட்டீங்களா மிஸ்?”

வாய்வரைக்கும் ஓம் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“இல்லைப் பிள்ளை” என்றேன். “பசிக்குது.”